கலை அருங்காட்சியகத்தில் சாய்வுதளத்துக்கும் காட்சிக்கூடங்களுக்கும் வழிகாட்டிப் பலகைகள் வைக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளி,
பழைய பேருந்து நிலையச் சாலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நான் நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்தின் பின்வாயிலிலிருந்து பார்த்தாலே தெரியும் செங்கல் கட்டடம்தான் நமது கலை அருங்காட்சியகம் என்பது தாங்கள் அறிந்ததே. சென்ற பொங்கல் விழாவில் அதன் முன்படிகளில் நின்றுதான் தாங்கள் கோலப்போட்டிப் பரிசுகளை வழங்கினீர்கள். அந்தப் படிகள் பதினொன்று. என் தந்தையார் சக்கர நாற்காலியில் இருப்பவர்.

அவர் சுவாமிமலையில் நாற்பது ஆண்டுகள் மெழுகு வார்ப்பில் திருமேனிகள் செய்தவர். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிடித்த உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றிய கை அவருடையது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முதுகுப்புறத்தையும், உலாவுக்குத் தண்டு செருகும் பீடத் துளைகளையும் ஒரு முறை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை நிறைவேறாததற்குக் காரணம் பலகை இல்லாமை ஒன்றே. என் குறைகளைக் கீழே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. கட்டடத்துக்குச் சாய்வுதளம் உண்டு. ஆனால் அது மிதிவண்டி நிறுத்தத்தைத் தாண்டி, வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பதை வாயிலில் எந்தப் பலகையும் சொல்லவில்லை. முதல் முறை சென்றபோது காவலர் "தூக்கிக்கொண்டு போங்கள்" என்றார், தந்தையார் உடன்படவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்திருந்துவிட்டுத் திரும்பும்போதுதான் தோட்டப் பணியாளர் ஒருவர் அந்த வழியைக் காட்டினார்.

2. இரண்டாம் முறை சாய்வுதளம் வழியாகவே ஏறினோம். உள்ளே மூன்று வழிகள் பிரிகின்றன. அங்கே ஒரு பலகை தொங்கத்தான் செய்கிறது, ஐயா. ஆனால் அது முன்படி ஏறி வருபவர்களைப் பார்த்துத் தொங்குகிறது. சாய்வுதளத்தில் வருபவர்களுக்குத் தெரிவது அதன் எழுத்தில்லாத முதுகு மட்டுமே. வலப்புறம் திரும்பி ஓவியக்கூடத்தின் கடைசிச் சுவர் வரை நாற்காலியைத் தள்ளிச் சென்று, வழியில்லை என்று கண்டு, அதே தூரம் திரும்பி வந்தோம். மறுபடியும் அந்த முச்சந்திக்கு வந்தபோது மூடும் மணி அடித்துவிட்டது. திருமேனிகள் இருந்த கூடம் இடப்பக்கம், இருபதடி தூரத்தில் இருந்தது. அதைத் தந்தையாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இருபதடி, ஐயா! பலகையின் பின்பக்கத்தில் ஓர் அம்புக்குறி வரைந்திருந்தால் அவர் பார்த்திருப்பார்.

3. ஒரே கூடத்துக்கு வாயிலில் "வெண்கலக் கூடம்", வரைபடத்தில் "பிரான்ஸ் கேலரி" (Bronze Gallery), கதவில் "படிமக்கூடம்" என்று மூன்று பெயர்கள்.

4. பத்தடியிலிருந்து படிக்க ஓர் அங்குல உயர எழுத்தாவது வேண்டும் என்பது எங்கள் தொழில் கணக்கு. தமிழுக்கு அதுவும் போதாது. கி, கு போன்ற எழுத்துகளில் மேலும் கீழும் நீளும் மேல்விலங்கும் கீழ்விலங்கும் விரிய இடம் விட வேண்டும். இங்கோ ஆங்கிலத்தைப் பெரிதாக எழுதி, மிஞ்சிய இடத்தில் தமிழை நெருக்கியிருக்கிறார்கள். பழுப்புப் பலகையில் பொன்னிற எழுத்து, மேலே குழல்விளக்கின் பளபளப்பு. கண் மங்கியவர் எப்படிப் படிப்பார்?

5. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 45-ஆம் பிரிவு, இருக்கும் பொதுக் கட்டடங்களையும் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017-இல். கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. கண்டுபிடிக்க முடியாத சாய்வுதளம் இருந்தும் இல்லாததுதானே? மூன்று மனுக்களுக்கு மூன்று ஒப்புகைச் சீட்டுகள் வந்தன. "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஓர் அம்புக்குறிக்கு இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்? கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். ஆனால் தந்தையாருக்கு வயது எழுபத்தெட்டு.

ஆகவே, வாயிலிலேயே சக்கர நாற்காலிக் குறியீட்டுடன் சாய்வுதளத்துக்கு அம்புக்குறி வைக்கவும், வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் இருபுறமும் எழுதிய பலகை மாட்டவும், ஒரு கூடத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயரை வழங்கவும், பார்வையற்றோர் தொட்டுப் படிக்கக் கதவருகே பிரெயில் பலகை பொருத்தவும் ஆணையிடுமாறு மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் நிதி வேண்டும் என்றால், அந்த முச்சந்திப் பலகையின் பின்பக்கத்தை மட்டுமாவது முதலில் எழுத அனுமதியுங்கள். வண்ணமும் தூரிகையும் என்னுடையவை, கூலி வேண்டாம். வார விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவிட்டால் போதும், எழுதி முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பலகைகள் வைக்க வேண்டிய இடங்களைக் குறித்து நான் வரைந்த வரைபடம் ஒன்று, முந்தைய ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள் மூன்று.