வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

மடிப்பாக்கம், சென்னை - 91
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெயா,

முதலில் திட்டி முடித்துவிடு, காத்திருக்கிறேன். பெரியவனின் பிளஸ் டூ மார்க்கை நீ அனுப்பியபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. அப்புறம் நீ போட்ட மூன்று வாய்ஸ் மெசேஜுக்கும் பதில் போடவில்லை. போடலாம் என்று போனை எடுப்பேன், உன் மாமியார் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார் என்பது நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் உறையூரில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் காகிதம். படித்ததும் கிழித்துப் போடு. பள்ளிக்கூடத்தில் பொம்மியின் லெட்டரை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்த மாதிரி எங்கேயாவது வைத்துத் தொலைக்காதே.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி திருச்சியில் ஒரு கிளை திறக்கிறது, நவல்பட்டு ஐடி பார்க்கில். இங்கிருந்து பழைய ஆட்கள் எட்டுப் பேர் போக வேண்டுமாம், விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று மெயில் வந்தது. படித்துவிட்டு மூடிவிட்டேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க திருச்சிதானே சுதா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், பட்டியலில் என் பெயர் முதலில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும். சம்பளம் குறையாது, சிட்டி அலவன்ஸ் மட்டும் நின்றுவிடும்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு, மூட்டையக் கட்டு" என்பாய். பதினொரு வருஷமாக நீ அதைத்தான் சொல்கிறாய். நானும் பதினொரு வருஷமாகத் திருச்சியைத் தூங்குமூஞ்சி ஊர் என்று சொல்லி உன்னை வெறுப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். உச்சிப் பிள்ளையாரே மேலே ஏறி உட்கார்ந்தது வேடிக்கை பார்க்க இல்லை, தூங்கத்தான் என்று சொன்னதற்கு நீ ஒரு வாரம் பேசாமல் இருந்தாயே!

ஆனால் கணக்குப் போட்டால் உன் கட்சிதான் ஜெயிக்கிறது. வீட்டிலிருந்து பெருங்குடி ஆபீஸ் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் மழை தூறினால் ஒன்றே முக்கால். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குளிர்காலத்துக்குப் பூநாரை வரும், அழகாகத்தான் இருக்கும். அந்தப் பக்கமே பெருங்குடி குப்பை மேட்டின் காற்றும் வரும். எங்கள் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிறது, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் லைன். இத்தனை வருஷம் தூசியைத் தின்றவள் நான். ரயில் ஓட ஆரம்பிக்கும்போது நான் உன்னோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன், அதுதான் என் ஜாதகம்.

தண்ணீர்க் கதை உனக்கே தெரியும். 2015-ல் வெள்ளம். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் லாரிக்காரருக்கு போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கீழ் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாவது நாள் கதவைத் தட்டி மேல் மாடிப் பையன் ஒரு பால் பாக்கெட்டும் பவர் பேங்க்கும் கொடுத்துவிட்டுப் போனான். எங்கே போய் வாங்கினான், எவ்வளவு தூரம் தண்ணீரில் நடந்தான், எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் படிக்கட்டில் எதிரெதிரே வந்தோம். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம், ஏறினோம். அவன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்கும் என் பெயர் தெரியாது.

நீ இதைக் கேட்டால் "ஐயோ, இது ஒரு ஊரா?" என்பாய். எனக்கு இந்த ஊரில் பிடித்ததே இதுதான், ஜெயா. ராத்திரி ஒன்பது மணிக்கு எலியட்ஸ் பீச்சில் தனியாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறேன், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மார்கழியில் ஒரு சபா கேன்டீனில் நெய் ஊற்றிய பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "தனியாவா வந்தீங்க?" என்று எவரும் கேட்கவில்லை.

இது சும்மா கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஆதம்பாக்கத்தில் வீடு தேடியபோது ஒரு ஓனரம்மா, "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்று கேட்டுக்கொண்டே சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். அண்ணன் நம்பர் கொடுங்கள், அப்பா ஆதார் கொடுங்கள் என்று ஒவ்வொரு புரோக்கரும் படுத்தினான். ஊர் பெரியது என்பதால் கேள்வி இல்லாமல் போகவில்லை. பதில் சொல்லிச் சொல்லி, வீடு மாறி மாறி, கடைசியில் கேட்காத ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவ்வளவுதான்.

இந்த ஆடியில் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? (பஸ்காரன் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டான், படுபாவி. இங்கே கிளாம்பாக்கம், அங்கே பஞ்சப்பூர், பஸ் ஏற ஒரு பயணம், இறங்கி வீடு சேர ஒரு பயணம்.) மேட்டூர் ஜூனிலேயே நிரம்பிய வருஷம். பதினெட்டாம் பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வறண்டு, ஷவரில் தலை நனைத்துவிட்டு வந்த வருஷங்களை நினைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளச் சொல்லி என் கையில் ஒன்றைத் திணித்தாள். பக்கத்தில் நின்ற மளிகைக்கடை அக்கா, "மாப்பிள்ளை இந்த வருஷமும் லீவு கிடைக்கலையா?" என்றார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மஸ்கட்ல வேலை ஜாஸ்தி" என்றாள்.

உனக்குத் தெரியும், எட்டு வருஷமாக அவர் மஸ்கட்டில்தான் இருக்கிறார். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அம்பத்தூருக்கு பஸ் ஏறியதை நான் பார்த்தேன், ஆனாலும் மஸ்கட்டில்தான் இருக்கிறார். ஆரம்பத்தில் நாம் இரண்டு பேரும் சிரித்தோம். ஒமான் ரியால் என்ன விலை என்று நீ போனில் கேட்பாய். இப்போது திருச்சி ஏர்போர்ட்டில் புது டெர்மினல் வேறு திறந்துவிட்டார்கள், 2024 ஜனவரியில். மனுஷன் அதிலாவது வந்து இறங்கியிருக்க வேண்டாமா என்று தெருவில் யாராவது கேட்டால் அம்மா என்ன செய்வாள்?

நான் வருஷத்துக்கு மூன்று தடவை வந்து போகும் வரை அந்தப் பொய் தாங்கும். அங்கேயே குடிவந்து, தினமும் அந்தத் தெரு வழியாகக் கேரியரோடு ஆபீஸ் போனால் தாங்காது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்தத் தெருவில் அவளுக்கு இருக்கும் மரியாதை இந்த ஒரு மஸ்கட்டின் மேல் நிற்கிறது என்று அவள் நம்புகிறாள். நான் வருவதென்றால் அதை உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். டிராபிக்கும் தண்ணீரும் சிட்டி அலவன்ஸும் நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் சாக்கு. பயம் இதுதான்.

சரி, வராமல் இருந்துவிடலாம் என்று புதன்கிழமை முடிவே செய்துவிட்டேன். அப்புறம் மாசியில் நடந்தது ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது. உன்னிடம் பாதிதான் சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன், அவ்வளவுதானே? அன்று காலை பதினொரு மணிக்கு மீட்டிங்கில் இருந்தேன். தெரியாத நம்பர், மூன்று தடவை அடித்தது. வெளியே வந்து எடுத்தால் கடைத்தெரு மருந்துக்கடைக்காரர். "அம்மா ஒவ்வொரு மாசமும் அஞ்சாந்தேதி பிபி மாத்திரைக்கு வருவாங்க. இன்னிக்கு ஏழாந்தேதி. பையனை அனுப்பிப் பார்த்தேன், கதவு திறக்க நேரமாச்சு. கொஞ்சம் வாங்க" என்றார். வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ரஸ்க்கும் தண்ணீருமாகக் கிடந்திருக்கிறாள். என்னிடம் போனில் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஏன் லீவு கிடைக்கவில்லை என்று கேட்கும் தெருவுக்கு, அவள் இரண்டு நாள் வெளியே வராதது கண்ணில் படவில்லை. மாத்திரை விற்பவர் கண்ணில் பட்டது.

பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்து ராத்திரி வந்து சேர்ந்தேன். மறுநாள் நன்றி சொல்லக் கடைக்குப் போனேன். அவர் ஒரு நீளமான நோட்டை எடுத்தார். வயசானவர்களின் பெயர், என்ன மாத்திரை, யாரைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அம்மா பெயருக்கு நேரே என் நம்பர். "இன்னொரு நம்பர் இருந்தா குடுங்க, நீங்க எடுக்கலேன்னா" என்றார். நான் பேசாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு நோட்டை மூடினார். மஸ்கட் பற்றி அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க" என்றார்.

அந்தக் கோட்டை நினைத்துத்தான் நேற்று மறுபடியும் முடிவை மாற்றினேன். நாளைக்கு மாற்றுவேனா தெரியாது. ஆனால் வருவதாக இருந்தால் அம்மா வீட்டில் இல்லை. கே.கே. நகரில் ஒரு வீடு பார். (இங்கே கே.கே. நகரில் வீடு கிடைக்கவில்லை, அங்கேயாவது கிடைக்கட்டும்.) நவல்பட்டுக்கும் பக்கம், நீயும் பக்கம், அம்மாவைத் தினம் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். ஒரு படுக்கையறை போதும். மாடியாக இருந்தால் நல்லது. முதலில் ஓனரிடம் உண்மையைச் சொல்லிவிடு, பிரிந்து எட்டு வருஷமாகிவிட்டது என்று. நீ மட்டும் பரிதாபப்பட்டு ஒரு துபாயைக் கிளப்பிவிடாதே. முகம் சுளித்தால் அடுத்த வீடு பார்க்கலாம். உன் வீட்டுக்கார அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ, அட்வான்ஸ் பேரத்தில் அவர் கெட்டிக்காரர். முக்கொம்பில் குரங்கோடு பேரம் பேசியவர்தானே.

அம்மாவிடம் நானே சொல்கிறேன், நேரில். வியாழக்கிழமை லீவு போட்டு வரலாம் என்றிருக்கிறேன். அதுவரை உன் வாயைக் கட்டு.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அம்மா வெக்காளியம்மன் கோயிலில் சூலத்தில் சீட்டு எழுதிக் கட்டினாளாம், போனில் சொன்னாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "உனக்கெதுக்கு?" என்றாள். நீ அந்தப் பக்கம் போனால் தேடிப் பார்க்காதே. பார்த்துத் தொலைத்தாலும் எனக்குச் சொல்லாதே.

சுதா

பி.கு.: காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வீடுதான் வேண்டும். போர்வெல் தண்ணீர் என்றால் வேண்டாம். பதினொரு வருஷம் குளித்தது போதும்.