பலூன் துண்டுகளைப் பொறுக்கிய அக்காவுக்கு

விண்வெளி தீம் பிறந்தநாள் விழா. வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு 3 வயதுகூட நிரம்பவில்லை. பலூன் வளைவை வெயில் விழும் ஜன்னலோரம் கட்டியதுதான் தப்பு. கறுப்பு, கருநீலப் பலூன்கள் சூட்டை இழுக்க, உள்ளே காற்று விரிந்து ஒவ்வொன்றாக வெடித்தன.

அக்கா, நீங்கள் கூடத்தைச் சுத்தம் செய்ய வந்தவர். யாரும் கூப்பிடவில்லை. முதல் பலூன் வெடித்ததுமே மண்டியிட்டு ரப்பர் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினீர்கள். அதன் அருமை பலருக்குத் தெரியாது. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வாயில் போட்டால் அந்த மெல்லிய ரப்பர் தொண்டையில் ஒட்டி மூச்சையே அடைத்துவிடும். பிறகு வளைவை நிழலுக்கு நகர்த்தினீர்கள். “11 அங்குல பலூனை 10 அங்குலத்தோடு நிறுத்துங்க, விரிய இடம் வேணும்” என்றீர்கள். அப்படி ஊதியதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

மேசையிலிருந்த நட்சத்திர விளக்குகளின் பேட்டரி மூடிகளையும் தொட்டுப் பார்த்து, திருகு இல்லாத இரண்டை எட்டாத உயரத்தில் வைத்தீர்கள். அவற்றுக்குள் இருக்கும், சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்டப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

கேக் வெட்டும்போது தேடினோம், நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். இது உங்கள் கண்ணில் படவேண்டும் அக்கா. மனசார நன்றி.