திருச்சி ரயில் அருங்காட்சியகப் பயணம்: புதன் இரவுக்குள் பெயர் கொடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்குக் காரைக்குடி வரும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஜனவரி 18, ஞாயிறு அன்று திருச்சி ரயில் அருங்காட்சியகம் போகிறோம். நீலகிரி மலைப்பாதையின் பழைய நீராவி இன்ஜின் அங்கே நிற்கிறது. ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி உயரும் அந்த மலையில், தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்விக் கவ்வித்தான் வண்டியை ஏற்றும், அதைப் பிள்ளைகளுக்கு இன்ஜின் பக்கத்திலேயே நின்று விளக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. இந்த வகை இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகவும் செய்திருக்கிறார்கள், நமக்கெல்லாம் பெருமை.

1. வேன் காலை 7.30க்குப் பெரியார் சிலை அருகே கிளம்பும்.
2. ஆளுக்கு 450 ரூபாய், வேனுக்கு மட்டும். நுழைவுச்சீட்டு தனி.
3. மதியத்துக்குக் கட்டுச்சோறு. ஆச்சிமார் யாராவது சீயம் செய்து கொண்டுவந்தால் சந்தோஷம்.
4. தொப்பி, தண்ணீர்.
5. ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்கள் கட்டாயம் வாருங்கள், கரி இன்ஜின் காலத்துக் கதைகளை நீங்கள் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

புதன் இரவு 8 மணிக்குள் பெயர், எத்தனை பேர், பிள்ளைகள் வயது மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.