பாம்பன் மக்களுக்கு ஒரு தாயின் நன்றி மடல்

கிறிஸ்துவில் பிரியமான எல்லாருக்கும் தோத்திரம்.

2025 ஏப்ரல் 19 இரவு, ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் என் மூத்த மகள் மைக் முன்னால் நின்று பாடினாள். மறுநாள் உங்களில் பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்குத்தான் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு நாலு வயதிலிருந்து திக்குவாய். 'அம்மா' என்று கூப்பிட வந்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைத்துவிடும். வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வை என்றார்கள், அதையும் செய்தேன். உனக்கு விசுவாசம் போதாது, அதுதான் பிள்ளைக்கு நாக்குக் கட்டியிருக்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அது யாரென்று இங்கே எழுத மாட்டேன். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் ஓரியூருக்குப் போனேன். புனித அருளானந்தர் 1693-இல் வேதசாட்சியாக இரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டு, இவளுக்குப் பேச்சைக் கொடும் என்று அழுதேன். அவர் வரிசையாக ஆள் அனுப்பினார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா, இது உங்கள் வளர்ப்பின் குற்றம் இல்லை என்று நீங்கள் சொன்ன அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவள் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், 'மெதுவாப் பேசு' என்றும் சொல்லாதீர்கள், முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள் என்றீர்கள். கடலில் பாசி எடுக்கப் போகிற அவசரத்தில் அப்படிக் காத்திருப்பது லேசாக இல்லை. ஆனால் காத்திருந்தால் அவள் முழுசாகச் சொல்லி முடிக்கிறாள்.

என்னோடு பாசிக்கு வருகிற மதினிமாரே, கரையில் மரிக்கொழுந்துப் பாசியைக் காயப்போடும்போது நாம் மாதா பாட்டுப் பாடுவோமே, ஒருநாள் அவளும் சேர்ந்து பாடினாள். நான் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டு வேறு யோசனையில் இருந்தேன். "ஏத்தா, ஒம்புள்ள பாடும்போது திக்கலையே!" என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பெற்றவள் அவளுடைய குறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இருந்த வரத்தை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற அண்ணே, அவளை மைக் பக்கமே விடாதீர்கள், ஊர் சிரிக்கும் என்று நானே உங்களிடம் வந்து சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தை இழுத்துத் தொடங்கவும் தொடையில் தாளம் தட்டவும் தவக்காலம் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பாட்டு நோட்டில் மூச்சு வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு மையால் மீன் செதில் மாதிரி ஒரு குறி போட்டிருந்தீர்கள். அவள் அந்தக் குறிகளை விரலால் தடவித் தடவியே மனப்பாடம் செய்தாள்.

உபதேசியார் தாத்தா, அவளுக்கு அந்தப் பாட்டைத் தேர்ந்து கொடுத்தவர் நீங்கள். திருவிழிப்பின் மூன்றாம் வாசகத்தை அடுத்து வருகிற, இஸ்ரயேல் மக்கள் செங்கடலைக் கடந்ததும் மோசே பாடிய பாட்டு. மோசேக்கும் வாய் திக்கும் என்று பைபிளில் விடுதலைப் பயணம் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினீர்கள். "அ... அப்ப பாடும்போது மட்டும் அவருக்கும் திக்கலையா தாத்தா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பைபிளை அவளாகவே எடுத்து வாசிக்கிறாள். முன்பெல்லாம் குடும்பச் செபமாலையில் உதட்டை மட்டும் அசைப்பாள். இப்போது மாலையில் பத்து மணிகளுக்கான செபத்தை அவளே சொல்கிறாள். திக்கினால் நாங்கள் காத்திருக்கிறோம்.

படகுக்குப் பேர் எழுதுகிற பாய், உங்களையும் மறக்கவில்லை. சின்னவன் சுவரெல்லாம் கரியால் பாலம் வரைந்து என்னிடம் அடி வாங்குவான். மிச்சப் பெயின்டையும் ஒரு பழைய பிரஷையும் கொடுத்து, 'அந்தோணியார் துணை' என்று நீங்கள் கோடு போட்ட எழுத்துக்கு உள்ளே வண்ணம் அடிக்க விட்டீர்கள். அந்தப் படகு துறைக்கு வரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறான்.

ஏப்ரல் 15-இலேயே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் அன்று இரவு அவள் அப்பாவும் கோவிலில் இருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது "ந... ந..." என்று அவரிடம் எதையோ கேட்க ஆரம்பித்தாள். அவர் நடையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாப் பாடினேனாப்பா?" என்று கேட்டாள்.

கீபோர்டு அண்ணே, உங்கள் நோட்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த பாட்டை எழுதிக்கொண்டதும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்களோடு பாசிக்கு வரும் ஒரு தாய்,
பாம்பன்