பழைய சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். குடியிருக்கப் போகிறவர்களுக்கு நவீனக் குளியலறை, சமையலறை எல்லாம் வேண்டும், சரி. ஆனால், செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த சுவரில் சிமென்ட் பூசினால், உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரித்துவிடும். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டுச் சுவரில் சிமென்ட் பூச்சு ஒரே மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிர்ந்தது. அதைக் கொத்திவிட்டு, கடுக்காய் ஊறிய நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசிய பிறகுதான் (கூலி கூடுதல்தான்) பிள்ளைகள் அங்கே படுக்கிறார்கள்.

இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடு. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப் பரிந்துரைக்கக்கூடிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் இருக்கும் பகுதி இது. காரைக்குடி வட்டார ஐடிஐகளில் சுண்ணாம்புப் பூச்சுக்கென ஒரு குறுகிய காலப் பயிற்சியை அரசு தொடங்கலாம்.

- ஒரு வாசகர், தேவகோட்டை