கொல்லிமலை ஏறப் போகிற மகளுக்கு

நாமக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மேப்பை அம்மாவிடம் பெரிதாக்கிக் காட்டினேன். மலையடிவாரத்துக் காரவல்லிக்கு மேலே கோடு மடங்கி மடங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். இவள் சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போறாளாக்கும், அப்படி என்ன வேண்டுதல்?" என்றாள். அவளைச் சமாளிப்பது என் பாடு. உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 70 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், சின்ன கியர், பெரிய கியர் என்று. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஏற முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம், ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். அந்த ரோட்டில் பஸ் ஓட்டினவனுக்குப் பயமெல்லாம் இறக்கத்தில்தான்.

முதலில் ஏற்றத்தை முடித்துவிடுகிறேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவல்லி வரைக்கும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போங்கள், முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது லேசாகும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடத்தான் போவீர்கள், அந்த வேகத்தில் ஒதுங்குவதற்குக் காற்றே இருக்காது. அதனால் யார் பின்னாலும் ஒட்டிக்கொள்ளாமல் அவரவர் மூச்சுக்கு ஏறுங்கள். பக்கத்தில் வருகிறவளோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் குறைத்துக்கொள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட போர்டு இருக்கிறது, எந்தெந்த நம்பரில் கூடுவது என்று கீழேயே பேசிவிடுங்கள். கூடும்போது வளைவில் நிற்காதீர்கள். தாண்டி, நேர் ரோட்டில் நில்லுங்கள்.

வளைவுக்குள் போன பிறகு கியரில் கை வைக்காதே. மிதி கனமான பிறகு மாற்றினால் செயின் கழன்றுவிடும். பஸ்ஸிலும் அதேதான், வளைவு கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிடுவோம். இன்னொன்று. நாம் இடது பக்கம் போகிறவர்கள் அல்லவா, ஏறும்போது இடது வளைவு உள்பக்கமாக வரும். தூரம் குறைவு, உயரம் அதே, அதனால் செங்குத்தாக இருக்கும். வலது வளைவு வெளிப்பக்கம், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடது வளைவில், நடு ரோடு சுலபமாக இருக்கிறதே என்று அங்கே போகத் தோன்றும். ஹாரன் சத்தம் கேட்டால் அந்த எண்ணமே வேண்டாம்.

பக்கத்தில் பஸ் வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் அதற்கு இடது பக்கம், வளைவின் உள்ளே இருக்காதே. திரும்பும்போது பஸ்ஸின் முகம் வெளியே அகலமாகப் போகும். இடம் விட்டுவிட்டான் என்று நினைத்து நுழைவார்கள். ஆனால் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது, உள் ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும். டிரைவர் கண்ணாடியில் நீ தெரியவும் மாட்டாய். பஸ்ஸை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் போ.

இப்போது இறக்கம். மலையில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் நாங்கள் இறங்குவோம். வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். உன் சைக்கிளில் அந்தச் சமாச்சாரமே கிடையாது. காலை நிறுத்தினாலும் சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். ஏறிச் சேர்த்த அத்தனை உயரமும் கொஞ்சம் காற்றிலும், மிச்சம் அந்த இரண்டு பிரேக்கில் சூடாகவும்தான் போயாக வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கின வேன் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு வளைவில் சக்கரத்துக்குள்ளிருந்து புகை வர நின்றிருந்தது. பிரேக் லைனர் கருகின நாற்றம் பஸ்ஸுக்குள்ளே வரைக்கும் அடித்தது. நல்ல வேளை, மலைப் பக்கத்துச் சுவரில் தேய்த்து நிறுத்திவிட்டான்.

ஆகவே லீவரை லேசாகப் பிடித்தபடியே தேய்த்துக்கொண்டு வராதே. ரிம்மைப் பிடிக்கிற பிரேக்காக இருந்தால் ரிம் காய்ந்து ட்யூபே வெடிக்கும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தை அடக்கு. அப்புறம் விட்டுவிடு. சாய்ந்து திரும்பும்போது முன் பிரேக்கை இழுக்காதே, அதுவும் மழை பெய்து மணல் அடித்து வந்திருக்கிற இடத்தில். நடுவில் நின்று கையையும் பிரேக்கையும் ஆறவிடு. கீழேயிருந்து வண்டி வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடு. குறுகின மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அது சட்டம். ஏறுகிற டிரைவருக்கு ரோடு முழுக்கத் தேவைப்படும். முக்கியமாக, இறங்கும்போது கூட்டமாக வராதீர்கள். யார் முதலில் கீழே என்று உங்களில் ஒருவன் ஆரம்பிப்பான், நீ கடைசியில் வா.

வாழைப்பழத்தைச் சட்டையின் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு போகாதே. குரங்குகள் சும்மா விடாது. மேலே போனதும் சூப் கடையில் முடவாட்டுக்கால் சூப் குடி. பாறையில் முளைக்கிற கிழங்கு, ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். முட்டி வலிக்கு நல்லது என்று விற்பார்கள். அது எப்படியோ, மிளகு போட்டுச் சூடாக இருக்கும். ஆகாய கங்கை அருவிக்கு இந்தத் தடவை வேண்டாம். ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி, அவ்வளவும் திரும்ப ஏறணும். அந்தக் காலோடு சைக்கிளில் இறங்கினால் பிரேக் பிடிக்கக் கையும் மிஞ்சாது.

சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் நம் வீட்டிலேயே தங்கட்டும், சைக்கிள்களை மாடியில் ஏற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு. அம்மா மாவு அரைக்கணும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா