ஆம்பூலில் இருந்து நரம்பு வரை

மதுரை

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்தது. பெரியவனுக்கு அங்கே பிரிட்டனிலேயே காலேஜ் சீட் கிடைத்ததில் உன்னைவிட எங்கம்மாவுக்குத்தான் சந்தோஷம். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மூட்டுவலி தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஐசியு இன்சார்ஜ் பொறுப்போடு, புதுப் பிள்ளைகளுக்குக் கோட் ப்ளூ, அதாவது இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சி கொடுக்கும் வேலையையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதைப் பற்றி உன்னிடம் புலம்பாமல் யாரிடம் புலம்புவது? டோஸ் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. மூன்றாவது ஷாக்குக்கும் விஎஃப் என்கிற தாறுமாறான இதயத் துடிப்பு மசியவில்லை என்றால் அமியோடரோன் 300, அடுத்தது 150. எழுத்துத் தேர்வில் எல்லோரும் பாஸ்தான். பொம்மையைப் படுக்க வைத்து நடத்திப் பார்த்தால் கதை வேறு. போன வாரம் ஒரு பிள்ளை பதற்றமே இல்லாமல் மருந்துக் குப்பியான ஆம்பூலை உடைத்தாள், சிரிஞ்சில் இழுத்தாள், இடது கையில் மருந்து ஏற்றும் கேனுலாவில் போட்டாள். அதே கையில் பிபி கஃப் காற்றடைத்து இறுகி நிற்கிறது! வேண்டுமென்றே நான்தான் கட்டி வைத்திருந்தேன். நிஜ நோயாளியாக இருந்தால் மருந்து கஃப்பைத் தாண்டாது. போட்டதும் 20 மில்லி சலைன் தள்ளி, கையைப் பத்து இருபது விநாடி தூக்கிப் பிடிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. இதயம் நின்றவருக்கு நாம் நெஞ்சை அமுக்குகிற அமுக்கில்தானே ரத்தமே ஓடுகிறது.

இன்னொரு நாள் காலாவதியான ஆம்பூல்களை எடுத்து வந்து, கால்சியம் குளுக்கோனேட்டையும் பைகார்பனேட்டையும் ஒரே சிரிஞ்சில் இழுக்கச் சொன்னேன். சுண்ணாம்புத் தண்ணீராக வெளுத்துவிட்டது. "ஒரே லைனில் போடக் கூடாது" என்று மனப்பாடம் செய்திருந்தவள் வாயைப் பிளந்து பார்த்தாள். அட்ரினலினோடு பைகார்ப் சேர்ந்தால் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வீரியம் போய்விடும். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

அவசர மருந்து வண்டியான கார்டையும் மாற்றி அடுக்கினேன். அட்ரினலினும் நார்அட்ரினலினும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இருட்டில் அவசரத்தில் கை எதை எடுக்கும்? பொட்டாசியம் குளோரைடைக் கார்டிலிருந்தே எடுத்துப் பூட்டி வைத்துவிட்டேன். அனஃபிலாக்சிஸ் என்கிற கடும் ஒவ்வாமை வந்தவருக்கும் அட்ரினலின் என்றதும் பிள்ளைகளின் கை நரம்பைத் தேடுகிறது. நாடி துடிக்கிற ஆளுக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். மொத்த ஆம்பூலையும் நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அட்ரோபின் பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. இதயத் துடிப்பே இல்லாத அசிஸ்டோலுக்கு அது வழக்கமாக வேண்டாம் என்று 2010லேயே அமெரிக்க வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள். சில மூத்த டாக்டர்கள் இன்னமும் பழக்கத்தில் கேட்கிறார்கள். எதிர்த்துப் பேச இந்தப் பிள்ளைகளுக்கு நா எழாது. அதனால் கேள்வியாகத் திருப்பிக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: "சார், அட்ரோபின், அசிஸ்டோலுக்கா?" பாதி நேரம் அவரே வேண்டாம் என்றுவிடுவார். நாடி மெதுவாகிற பிராடிகார்டியாவில் வேறு தொல்லை. 2020 வழிகாட்டி 1 மில்லிகிராம் என்கிறது, நம் ஆம்பூலில் இருப்பதோ 0.6. கோட் நடுவில் கணக்குப் போட வேண்டாம் என்று அளவை எழுதிக் கார்டிலேயே ஒட்டிவிட்டேன்.

உங்கள் ஊர் ஆம்புலன்ஸ்களில் எட்டாயிரம் பேரிடம் நடத்தி 2018ல் வெளியான ஆய்வு உனக்குத் தெரிந்திருக்கும். அட்ரினலின் போட்டவர்களில் 30 நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.2 சதவீதம், போடாதவர்களில் 2.4. மூளை நல்லபடியாக இருந்தவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் படித்ததிலிருந்து, ஆம்பூலைத் தேடுகிறேன் என்று நெஞ்சமுக்குவதை ஒரு விநாடி நிறுத்தினாலும் கத்திவிடுகிறேன்.

உங்களுக்கு அட்ரினலின் 10 மில்லியாகக் கலந்து சிரிஞ்சிலேயே ரெடியாக வருகிறது, கொடுத்து வைத்தவள். ஒன்று மட்டும் எழுது. மருந்து போட்ட நேரத்தைக் குறிக்க அங்கே தனி ஆள் உண்டா? எங்களுக்கு நைட்டில் ஆள் போதாமல், மருந்து இழுப்பவளே கையுறையில் பேனாவால் நேரம் எழுதிக்கொள்கிறாள். தனி ஆள் கேட்டு மேட்ரனிடம் போகப் போகிறேன், உன் பதில் கையில் இருந்தால் பேச வசதியாக இருக்கும்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
மல்லிகா